இல்லை என்று பழகிய வாய்

மகளின் கை அடங்க மாட்டேன் என்கிறது. என் உள்ளங்கைக்குள் வைத்து மூடியிருக்கிறேன். மூடினால் மற்றவர்களுக்குத் தெரியாது, சரிதான், ஆனால் எனக்குத் தெரிகிறது. பிடிக்கிறாள், விடுகிறாள், பிடிக்கிறாள், விடுகிறாள், பால் கறக்கிறவன் விரல் மாதிரி. சும்மா இரு கிளாரா என்று நாக்கு நுனி வரைக்கும் வருகிறது. சொல்லக் கூடாது. சொன்னால் அதிகமாகிறது, அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தது போலத் தோள் ஒரு வெட்டு வெட்டி, அது கழுத்துக்கு ஏறி, வாய் ஒரு பக்கம் கோணி, அப்புறம் அவளே பயந்துபோய் என்னைப் பார்ப்பாள். நான் பண்ணலப்பா, அதுவா வருது. ஒன்பது வயதுப் பிள்ளை தன் கைக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்கிறது. காலையில் பஸ்சில் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள், தூங்கியதும் கை நின்றுவிட்டது. அப்படியே நின்றுவிட்டது. விரல்கள் லேசாக மடங்கி, எல்லாப் பிள்ளைகளின் கையும் தூக்கத்தில் கிடக்கிற மாதிரி. இறங்க வேண்டிய இடம் வந்தது, எழுப்ப மனம் வரவில்லை, ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி மழையில் திரும்பி நடந்தோம். என் மனைவி தவமணி ஏன் என்று கேட்கவில்லை. அவளும் வழி நெடுக அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். இப்போது மூவரும் ஆஸ்பத்திரி பெஞ்சில். பெஞ்சு ஈரம், தரை ஈரம், எல்லோருடைய குடையிலிருந்தும் சொட்டிச் சொட்டி ஒரு ஓடை எங்கள் காலடியில் வந்து தேங்குகிறது. டாக்டர் அறைக் கதவு மூடியிருக்கிறது. உள்ளே கிளாராவின் ரத்தத்துக்கு என்ன பதில் வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது, போன வாரம் எடுத்த ரத்தம். ஈயம் இருக்கிறதா, எவ்வளவு. இருக்கும். இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. இருக்க வேண்டும். எந்த அப்பன் தன் பிள்ளையின் ரத்தத்தில் விஷம் இருக்க வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்து வேண்டுவான், அதுவும் எதையும் வேண்டிக்கொள்ளாத நான், கோயில் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாதவன்.

அந்த மூலையில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் இருக்கிறது. சங்கிலியில் கட்டிய டம்ளர். அந்தக் குழாய்க்காக இந்த வாசலில் படுத்தவன் நான். போலீஸ் தூக்கிப் போய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தது, சாயங்காலம் விட்டது, அப்புறம் குழாய் வந்தது, திறந்து வைத்தது யாரோ, கல்வெட்டில் பெயர் யாருடையதோ. இப்போது அதில் ஒரு பெண் பால்புட்டியைக் கழுவுகிறாள். கழுவட்டும். ஏகாம்பரம் என்று ஒருத்தன் இதற்காக முழங்கை தேய்ந்தான் என்று அவளுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது. எட்டாம் வகுப்போடு என் படிப்பு போயிற்று. அதற்கப்புறம் படித்ததெல்லாம் ஊசி அடித்த மெல்லிய பிரசுரங்கள், பொதுக்கூட்டத்தில் துண்டை விரித்து விற்கிறவை, கூலி என்றால் என்ன, விலை என்றால் என்ன, வேர்வை எங்கே போகிறது. அதை வைத்துக்கொண்டு வக்கீல்களின் வாயை அடைத்திருக்கிறேன், கம்பெனி அதிகாரிகளைத் தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறேன். என்னோடு படித்த தோழர்களில் ஒருத்தன் இன்று காரில் போகிறான், ஒருத்தன் நாங்கள் எதிர்த்த கம்பெனிக்கே லேபர் கான்ட்ராக்ட் எடுக்கிறான், சங்கம் இரண்டாக உடைந்து அதில் ஒன்று மூன்றாக உடைந்து கடைசியில் நானும் ஒரு மைக்கும் மிஞ்சினோம், மைக்கும் வாடகை மைக். தெருமுனையில் பேசினால் டீ குடிக்கிறவன் முதுகைத் திருப்பிக்கொண்டு குடிப்பான். அப்படி இருந்தவன் வீட்டுக்கு இந்த ஒரு மாதமாகக் கூட்டம் வருகிறது. கை ஆட ஆரம்பித்த பிறகுதான் வருகிறது. இந்த நினைப்பு வந்ததும் அவள் கையை அழுத்திவிட்டேன் போல. "வலிக்குதுப்பா" என்கிறாள். விட்டேன். விட்டதும் கை எழும்பிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் பையைத் தட்டிவிட்டது.

தடித்த அம்மாள், மடியில் சளி பிடித்த பேரனோ பேத்தியோ. "பரவால்ல, பரவால்ல. பாப்பா பேரு இன்னா?" என்றாள். கிளாரா என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஜனமா? எந்த சபைமா நீங்க?" ஜெர்மனியில் பெண்கள் உரிமைக்காக நின்ற ஒரு தோழரின் பெயர் அது, தேடித் தேடி வைத்த பெயர் என்று சொல்ல வாயெடுத்தேன், அதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். அதற்குள் தவமணி, "வெளிய ரொம்ப சொல்லிக்கிறது இல்லீங்க" என்றாள், முகத்தில் ஒரு அசைவு இல்லாமல். சிரிப்பு வந்தது எனக்கு. இவள் இப்படித்தான், ஆடியில் கூழ் ஊற்றுவாள், தர்காவில் மந்திரித்த கயிறு கட்டுவாள், யார் எதைக் கொடுத்தாலும் வாங்கி முடிந்து வைத்துக்கொள்வாள். அந்த அம்மாள் கிளாராவின் தலையில் கை வைத்துக் கண்ணை மூடினாள், ஆண்டவரே என்று ஆரம்பித்தாள், கிளாரா மரியாதையாகத்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனால் அது மரியாதை பார்க்காதே, புருவம் ஏறி, மூக்கு சுருங்கி, நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. கண் திறந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். "ஏண்டி, ஜெபம் பண்றவள பார்த்து பழிப்பு காட்டுற?" என்றாள். கிளாரா தலை குனிந்தாள். "அவ காட்டலீங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்" என்றாள் தவமணி. அம்மாள் கையை எடுக்கவுமில்லை, வைக்கவுமில்லை. "ஐயோ கண்ணு" என்றாள், அப்புறம் தன் மடிக் குழந்தையைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள். ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாளோ. பள்ளிக்கூடத்தில் டீச்சரும் இதைத்தான் சொன்னாள், பழிப்பு காட்டுறா, வெளியே நிற்க வைத்தாள், நான் போய்ப் பிடித்த பிடியில் மறுநாள் மன்னிப்புக் கேட்டாள். டீச்சரிடம் கத்தினேன், அது எளிது. கத்துவதற்கு ஒரு முகம் கிடைத்தால் எனக்கு எல்லாம் எளிது.

முகம் கிடைத்தது. அதுதான் விஷயம். முதல்நாள் டம்ளரைக் கீழே போட்டாள், இரண்டாம் முறை தட்டு, கையெழுத்து கொடிக்கம்பியில் காயப்போட்ட துணி மாதிரி ஆயிற்று, சட்டைப் பொத்தான் போட முடியாமல் அழுதாள். தவமணி கண்பட்டது என்று மிளகாய் சுற்றினாள், நான் வாசலுக்கு வந்து நின்று எதிரே பார்த்தேன். எங்கள் மேட்டுக் காலனியில் எந்த வாசலில் நின்றாலும் எதிரே அதுதான் தெரியும், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற கம்பெனியின் புகைபோக்கி. மாடு செத்தது, முருங்கை பட்டுப்போனது, கிணற்றில் ஒரு இரும்பு வாசனை. ஈயம் நரம்பைப் பிடிக்கும் என்று நான் படித்திருக்கிறேன், அதைப் பற்றி நானே ஒரு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன், பத்து வருஷத்துக்கு முன்னால், ஒருத்தனும் படிக்கவில்லை. அன்றைக்கு அந்தப் புகையைப் பார்த்ததும் எனக்குள் எல்லாம் ஒரு நொடியில் பொருந்திவிட்டது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், பயத்துக்குக் கால் முளைத்தது, அது ஒரு திசையில் நடக்க ஆரம்பித்தது. இரண்டாவது உலை கட்டப் போகிறார்கள், அதற்கு வெள்ளிக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம், கலெக்டர் வருகிறார். நேற்று அச்சாபீசில் புரூஃப் பார்த்தேன். தலைப்பு என்னுடையது. பிள்ளைகளின் கைகளைத் திருப்பிக் கொடு என்று முதலில் எழுதினேன், பொதுவாக இருந்தது, அடித்துவிட்டு எங்கள் பிள்ளையின் கையைத் திருப்பிக் கொடு என்று எழுதினேன், அதுதான் குத்தும், அது தெரியும் எனக்கு, முப்பது வருஷத் தொழில். அச்சாபீஸ்காரன் படித்துவிட்டு அண்ணே, உடம்பு சிலிர்க்குது என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது. இவள் கைக்குப் பக்கத்தில் வைக்க முடியவில்லை.

பையில் போன் அடிக்கிறது. கஜேந்திரன். காலனிப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர், முப்பது வயது, ஆறு மாதத்துக்கு முன்னால் என்னைப் பார்த்தால் பைக்கை வேறு சந்துக்குள் திருப்பினவன். எடுத்தேன். அவன் குரல் எப்போதுமே பொதுக்கூட்டக் குரல், போனில் பேசினால் பக்கத்து ஆளுக்கும் கேட்கும். "அண்ணே, இன்னா சொல்றாங்க? ரிசல்ட்டு வந்துச்சா?" இன்னும் கூப்பிடல என்றேன். "வரும், வரும். நோட்டீசு அடிச்சாச்சு, கட்டு கட்டா வந்து எறங்கிடுச்சு, நம்ம பசங்க ராவோட ராவா எல்லா ஊருக்கும் குடுத்துருவானுங்க. அண்ணே, ஒண்ணு சொல்றேன், வெள்ளிக்கிழமை பாப்பாவ மொத வரிசையில உக்கார வெச்சிரு. நீ பேசக்கூட வேணாம். கலெக்டரு அந்தக் கைய பார்த்தா போதும்ணே." சரி என்றேனா, பார்க்கலாம் என்றேனா, நினைவில்லை. போனை வைத்தேன். தவமணி சுவரில் இருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் படிக்கத் தெரியாது. கேட்டுவிட்டாள். எல்லாம் கேட்டுவிட்டாள். "யாருப்பா கலெக்டரு?" என்றாள் கிளாரா. பெரிய ஆபீசர் என்றேன். "அவரு டாக்டரா?" இல்லை என்றேன். "அப்புறம் அவரு எதுக்கு என் கைய பாக்கணும்?" அந்தத் தடித்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போராட்டத்தில் ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தப் பிரசுரத்திலும் இல்லை, தண்ணி குடிக்கிறியா என்றேன், வேண்டாம் என்றாள்.

தொண்டை. இதை நினைக்காமல் இருக்கத்தான் மற்ற எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியும். போன வாரம் அந்த டாக்டர், இளம் பெண், கண்ணாடி போட்டவள், நான் ஈயத்தைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டாள், எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. உடனே ரத்தத்துக்கு எழுதினாள். அப்புறம், பேனாவை மூடாமலே, "இதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசத்துல பாப்பாவுக்கு தொண்டை வலி, காய்ச்சல் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள். "இல்லைங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. கேள்வி முடிவதற்குள் சொன்னேன். பக்கத்தில் தவமணி மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. டாக்டர் அவளைப் பார்த்தாள், "நீங்க சொல்லுங்கம்மா" என்றாள், தவமணி என்னைப் பார்த்தாள், நான் பார்த்த பார்வை அப்படி, "அவர் சொல்றதுதாங்க" என்றாள். டாக்டர் எழுதிக்கொண்டாள். ஆனால் வந்தது. ஆடியில் வந்தது. கூழ் ஊற்றின அன்றைக்கு, கூழ் என்றால் உயிரை விடுகிற பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு முழுங்க முடியலம்மா என்றது, தொண்டை உள்ளே பழம் மாதிரிச் சிவந்திருந்தது, நெருப்பாகக் காய்ந்தது, மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், தணிந்தது, மறந்துபோனது. மறக்கவில்லை. டாக்டர் கேட்டபோது அந்தச் சிவந்த தொண்டை என் கண்முன்னால்தான் இருந்தது. இருந்தும் வாய் இல்லை என்றது. வாய்க்கு அது பழக்கம். கன்னியப்பன் என்று ஒருத்தன், உலையடியில் வேலை, ரத்தமாக இருமினான், நஷ்ட ஈட்டு வழக்கு போட்டோம். கம்பெனி டாக்டர் ரொம்ப அன்பாகக் கேட்டான், பீடி பிடிப்பியாப்பா, சின்ன வயசுல மூச்சு எளப்பு இருந்துச்சா, உங்க அப்பாவுக்கு? அந்தக் கள்ளமில்லாத மனுஷன் எல்லாவற்றுக்கும் ஆமா ஆமா என்றான், வழக்கு அங்கேயே முடிந்தது, புகையில் வெந்தவனைப் பீடி குடித்துச் செத்தவனாக எழுதினார்கள். அன்றிலிருந்து நான் ஆட்களுக்குப் பாடம் எடுத்தேன். வெள்ளைக் கோட்டு எதைக் கேட்டாலும் இல்லை. குடிப்பியா, இல்லை. முன்னால் வந்திருக்கிறதா, இல்லை. இன்னொரு காரணத்தை அவன் கையில் கொடுக்காதே, ஒரு நூல் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்விடுவான். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எத்தனை குடும்பத்துக்குக் காசு வாங்கிக் கொடுத்தது அந்த ஒரு சொல். அது தப்பில்லை, இன்றைக்கும் அது தப்பில்லை என்றுதான் சொல்வேன். ஆனால் இவள் கம்பெனி டாக்டர் இல்லையே. அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தபின்னும் ஒரு வாரம் போயிற்று.

"சொல்லிடலாம்யா" என்கிறாள் தவமணி. பெஞ்சைப் பார்த்துச் சொல்கிறாள், உதடு அசையாமல். என்னத்த என்றேன். "அந்தக் காய்ச்சல." அதுக்கும் கைக்கும் என்னடி சம்பந்தம் என்றேன். "எனக்கு இன்னா தெரியும். அந்தம்மா கேட்டாங்க இல்ல. சம்பந்தம் இல்லாம கேப்பாங்களா?" மூன்று வாக்கியம். முப்பது வருஷம் பேசினவன் இந்த மூன்று வாக்கியத்துக்குப் பதில் தேடுகிறேன். ரத்தத்தில் ஈயம் இருந்துவிட்டால் போதும், அப்புறம் தொண்டையைப் பற்றிப் பேச்சே வராது, ஈயத்துக்கு மருந்து இருக்கிறது, படித்திருக்கிறேன், கம்பெனி பணம் கட்டும், கை சரியாகிவிடும், நான் சொன்னதும் சரியாகிவிடும். இரண்டும் ஒன்றாக ஆகிவிடும். அதற்காகத்தான் வேண்டுகிறேன், விஷத்துக்காக இல்லை. இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் என்ன என்று போகிற இடத்தில் மனசு நின்றுவிடுகிறது, மறுபடி குழாய்க்குப் போகிறது, அச்சாபீசுக்குப் போகிறது, சுற்றிக்கொண்டு மறுபடி அதே சிவந்த தொண்டைக்கு வருகிறது. கட்டு கட்டாக வந்து இறங்கிவிட்டது என்றானே. தொண்டை வலிக்கு யாரை எதிர்த்து நோட்டீஸ் அடிப்பது. காலனியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொண்டை வலிக்கிறது, எல்லா வீட்டிலும் கூரை ஒழுகுகிறது, ஒரு போர்வைக்குள் நாலு பேர், அதுவும் யாரோ செய்ததுதான், அதற்கும் ஒரு முகம் உண்டு, ஆனால் வெள்ளிக்கிழமை கலெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிற முகம் இல்லை. கம்பெனி வக்கீல் சிரிப்பான். ஐயா பிள்ளைக்குத் தொண்டை வலியாம் என்பான். கூட்டமே சிரிக்கும், நம் ஆட்களும் சிரிப்பார்கள், கஜேந்திரன் மறுபடி சந்துக்குள் பைக்கைத் திருப்புவான், இரண்டாவது உலை வரும், அதுவும் நிஜம்தானே, அந்த உலை நிஜமாகவே வரும், இவள் வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தப் புகையில். அவர்களுக்காக இவள் தொண்டையை மறைப்பது. இப்படிச் சொல்லிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. மைக்கில் சொல்லலாம். இவளிடம் சொல்ல முடியுமா? திரும்பிப் பார்த்தேன். கிளாரா ஆடுகிற கையின் மேல் உட்கார்ந்திருந்தாள். தன் கையைத் தன் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் முழுப் பாரமும் போட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

கூப்பிட்டார்கள். "கிளாரா ஏகாம்பரம்." உள்ளே அதே டாக்டர், மேசையில் காகிதம் விரித்தபடி. உட்காரச் சொன்னாள். கிளாராவைப் பக்கத்தில் இழுத்து இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடி என்றாள், பிடித்தாள், விட்டாள், பிடித்தாள், டாக்டர் தனக்குள் தலையசைத்துக்கொண்டாள். "ஈயம் இருக்கு" என்றாள். என் நெஞ்சில் ஒன்று குதித்தது, வெட்கமில்லாமல் குதித்தது. "ஒரு பிள்ளை உடம்புல அது இருக்கவே கூடாது, நீங்க சொன்னது நியாயம்தான், நான் எழுதித் தரேன். ஆனா இந்த அளவு கையை இப்படி ஆட்டாதுங்க. இது வேற." வேற என்ன என்றேன். "அதுதான் தெரியல. நான் ஒண்ணு நெனச்சேன், ஆனா நீங்க தொண்டை வலியே வரலன்னுட்டீங்க, அதுக்கான ரத்தப் பரிசோதனையிலயும் ஒண்ணும் காட்டல, நாள் கடந்துட்டா அதுல தெரியாது. அதனால மூளையை ஸ்கேன் பண்ணணும். சின்னப் பொண்ணு, அசையாம படுக்க முடியாது, மயக்க மருந்து குடுத்துதான் எடுக்கணும். தேதி கெடைக்க நாளாகும். அதுக்கப்புறம் தேவைன்னா முதுகுத்தண்டுல தண்ணி எடுத்துப் பார்க்கணும்." மூளை என்றாள். மயக்கம் என்றாள். முதுகுத்தண்டு என்றாள். கிளாரா ஒவ்வொரு சொல்லுக்கும் தன் உடம்பில் அந்த இடத்தைத் தேடுவது போல இருந்தது. பையில் போன் நடுங்க ஆரம்பித்தது, எடுக்கவில்லை, நின்றது, மறுபடி நடுங்கியது. சொல்லாதே என்று ஒரு பார்வையில் சொல்லி வைத்தவன் நான், தவமணி அதை ஒரு வாரமாகக் காப்பாற்றுகிறாள், ஆனால் அவள் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது, நகம் வெளுத்திருந்தது. இன்னும் ஒரு நொடி விட்டால் அவள் சொல்லிவிடுவாள். அவள் சொல்லட்டும் என்று விட்டுவிடலாம், சொன்னது நான் இல்லை என்று கஜேந்திரனிடம் சொல்லிக்கொள்ளலாம். இந்த யோசனையும் எனக்கு வந்தது. எங்கிருந்துதான் வருகிறதோ.

"வந்துச்சுங்க" என்றேன். டாக்டர் நிமிர்ந்தாள். "தொண்ட வலி. ஆடி மாசம். நல்லா காய்ச்சல் அடிச்சுச்சு, முழுங்க முடியல, அஞ்சாறு நாள். டாக்டர்கிட்ட காட்டல, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்தேன்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்குக் கத்துகிறவர்களைத் தெரியும். "போன வாரம் கேட்டேனே" என்றாள், மெதுவாக. "கேட்டீங்க." "ஏன் சொல்லல?" கன்னியப்பனைச் சொல்லலாம், பீடியைச் சொல்லலாம், நல்ல கதை, அவள் இரக்கப்படுவாள். "இல்லைன்னு சொல்லிப் பழக்கம்ங்க" என்றேன். அவளுக்கு அது புரிந்ததா தெரியவில்லை, அதற்கு மேல் என்னைப் பார்க்கவில்லை. "நாக்கை நீட்டு பாப்பா, நீட்டிக்கிட்டே இரு" என்றாள், கிளாரா நீட்டினாள், நாக்கு நிற்கவில்லை, உள்ளே ஓடியது, வெளியே வந்தது, உள்ளே ஓடியது. கிளாராவுக்கு அழுகை வந்தது. "நீ ஒண்ணும் தப்பு பண்ணல, சரியாத்தான் பண்ற" என்றாள் டாக்டர். அப்புறம் அவள் முதுகைப் பிடித்துத் திருப்பி நெஞ்சில் குழலை வைத்தாள், கண்ணை மூடிக் கேட்டாள், இடம் மாற்றி வைத்தாள், கேட்டாள், மறுபடி பழைய இடத்துக்கே வந்து கேட்டாள். தொண்டையில் வந்த கிருமிக்கு எதிராக உடம்பு சண்டை போடும், சில பிள்ளைகளுக்கு அந்தச் சண்டை ஆள் தெரியாமல் போய் மூளையில் ஒரு இடத்தை அடித்துவிடும், அதுதான் கை ஆடுகிறது, அது நின்றுவிடும், பயம் அதில் இல்லை, அதே சண்டை இதயத்துக்கும் போகும், பயம் அதில்தான். இப்படிச் சொன்னாள், இதைவிட எளிமையாகச் சொன்னாள். இதயத்தில் ஒரு சத்தம் லேசாகக் கேட்கிறது, இன்றைக்கே படம் எடுத்துப் பார்க்க வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, வருஷக்கணக்காக, ஒரு தடவைகூட விடக் கூடாது. "நல்ல வேளை இப்பவாவது சொன்னீங்க" என்றாள். எதிரி யாரென்று தெரியாமல் தன் ஆளையே அடிப்பது. இதற்கு என்ன தலைப்பு வைப்பது. மனசு அந்த நேரத்திலும் தலைப்பு தேடியது, வெட்டிப் போட்டாலும் துடிக்கிற வால் மாதிரி.

போன் மூன்றாம் முறை நடுங்கியது. "அந்தக் கை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கை எப்பங்க நிக்கும்?" டாக்டர் முதல்முறையாக என்னிடம் சிரித்தாள். "உடனே நிக்காதுங்க. கொறைய கொறைய சில வாரம் ஆகும், சில பிள்ளைகளுக்கு மாசக்கணக்கும் ஆகும். பயப்படாதீங்க, நின்னுடும்." ஒரு அப்பன் கேட்கிற கேள்வி என்று நினைத்துப் பதில் சொன்னாள். வெள்ளிக்கிழமை வரை ஆடும். அதற்குள் நிற்காது. ரத்தத்தில் ஈயம் இருக்கிறது, அவளே எழுதித் தருகிறேன் என்றாள், கையும் ஆடும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், நடுவில் ஒரு வார்த்தையும் பொய் சொல்ல வேண்டாம், பார்க்கிறவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்வார்கள். நான் எதற்காகக் கேட்டேன், எந்தப் பதில் வேண்டிக் கேட்டேன், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் கை நிற்க வேண்டும் என்றுதான் கேட்டேன், அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் தவமணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் கூட்டங்களுக்கு வடை சுட்டுக் கொடுத்தவள், போலீஸ் வந்தால் பாயைச் சுருட்டி என் பிரசுரங்களை மறைத்தவள், ஒருநாளும் என்னை மறுத்துப் பேசாதவள். அந்தப் பார்வையில் கோபமில்லை. ஒரு கணக்குப் போட்டு முடித்தது மாதிரி இருந்தது. அவள் நாற்காலியை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கிளாராவைத் தன் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி இரண்டு கையாலும் வளைத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள் டாக்டரிடம். "இவள இங்கயே சேத்துக்க முடியுமா?"

"படம் எடுத்துட்டு எப்படியும் ரெண்டு மூணு நாள் வெச்சுப் பாப்போம்மா."

"சனிக்கிழமை வரைக்கும் வெச்சுக்கங்கம்மா."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "சனிக்கிழமையா? ஏன், வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஏதாவது விசேஷமா?"

தவமணி என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் பதிலுக்காக அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். முப்பது வருஷமாக எந்தக் கேள்விக்கும் முதலில் பேசியவன் நான். வாயைத் திறந்தேன், பழைய சொல் தயாராக வந்து நின்றது. அதற்குள் தவமணி, "ஆமாங்க" என்றாள்.